துணியின் மணமும் அண்டை வீட்டார் மனமும்

(இரண்டாம் ஆண்டு மாணவர், பி.எஸ்ஸி. வேதியியல்)

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. கசக்கிக் கட்டு என்றுதான் சொன்னார்களே தவிர, மணக்க மணக்கக் கட்டு என்று அவர்கள் சொல்லவில்லை. இன்றோ, வெளுத்த துணி என்றால் அது மணக்கவும் வேண்டும் என்றாகிவிட்டது. அந்த மணத்தால் அடுத்த வீட்டாரோடு சண்டையும் வருகிறது. அப்படியொரு சண்டை எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. அதன் காரணத்தை, நான் படிக்கும் வேதியியலின் துணைகொண்டு மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாங்கள் கடலூர் முதுநகரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வரிசையாக ஆறு வீடுகள். அனைவருக்கும் பொதுவாக ஒரு நடை, ஒரு குழாய், துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு. என் தாத்தா ஊருக்குத் துணி வெளுத்தவர். என் தாயார் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்கு ஒரு தங்கை உண்டு. அவளுக்குச் சிறு வயது முதல் இளைப்பு நோய்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் மீன் விற்கும் ஒரு அம்மையார். நான் அவரை அத்தை என்றே அழைப்பேன். விடியுமுன் துறைமுகத்துக்குச் சென்று மீன் எடுத்து, கூடையில் சுமந்து, பேருந்தேறி, பல தெருக்கள் சுற்றி விற்றுவிட்டு, பகல் சாய்ந்த பிறகே வீடு திரும்புவார். சென்ற ஆண்டு முதல் அவர் துணி அலசும் கடைசித் தண்ணீரில் ஒரு நீலநிறத் திரவத்தை ஊற்றத் தொடங்கினார். துணியை மென்மையாக்கி மணமூட்டும் திரவம் அது. கார்த்திகை மாத மழையில் வெளியே துணி உலர்த்த வழியில்லாமல் எல்லோரும் நடையிலேயே உலர்த்தினோம். அத்தை வீட்டுத் துணியின் மணம் நடை முழுவதும் நிறைந்தது. இரவில் என் தங்கை இருமத் தொடங்கினாள். சன்னலை அடைத்தோம், இருமல் நிற்கவில்லை.

நான்காம் நாள் என் தாயார் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "அண்ணி, அந்த வாசனத் தண்ணிய கொஞ்சம் கொறச்சு ஊத்தக் கூடாதா? புள்ள ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குறா."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு ஒரு வாசனையும் பெருசா தெரியலியே! தெனமும் காலையில உங்க பெட்டிக் கரிப் புகைய நாங்க பொறுத்துக்கலியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றோடு இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணம் போய்வந்த வாசலில் இரண்டு மாதம் யாரும் போய்வரவில்லை.

மூக்கு செய்யும் வேலை

இந்தச் சண்டையில் இருவரும் உண்மையே பேசினார்கள் என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன். அதை விளங்கிக்கொள்ள மணம் என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு பொருள் மணக்கிறது என்றால், அப்பொருளின் மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் மிதந்து நம் மூக்கினுள் வந்து சேர்கின்றன என்று பொருள். ஆகவே மணம் என்பது வெறும் உணர்ச்சி அன்று. அது ஒரு பொருளே. அடுத்த வீட்டுத் துணி மணக்கிறது என்று சொல்லும்போது, அத்துணியிலிருந்த ஏதோ ஒன்றை நாம் உண்மையாகவே மூச்சில் இழுத்திருக்கிறோம். மூக்கின் மேற்புறத்திலுள்ள நரம்பணுக்களில் இம்மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை உண்டு. ஒவ்வொரு மணமும் சில ஏற்பிகளைத் தூண்டுகிறது. எந்தெந்த ஏற்பிகள் தூண்டப்பட்டன என்பதைக்கொண்டு மூளை அது மல்லிகையா மண்ணெண்ணெயா என்று அறிகிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்து விளக்கிய ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கும் 2004ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மூக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே அது மரத்துப்போகிறது. பூக்கடையில் இருப்பவருக்குப் பூமணம் தெரிவதில்லை. கருவாட்டுக் கடையில் இருப்பவருக்கு அந்த வாடை தெரிவதில்லை. தினமும் அத்திரவத்தைப் பயன்படுத்துபவருக்கு, நாளாக ஆக மணம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். அதனால் ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றுவார். புதிதாக அந்தக் காற்றை மூச்சிழுக்கும் பக்கத்து வீட்டாருக்கோ அது முழு வேகத்தில் தாக்கும். "எனக்குத் தெரியலியே" என்று அத்தை சொன்னதும் உண்மை. "தாங்க முடியவில்லை" என்று என் தாயார் சொன்னதும் உண்மை. எங்கள் கரிப்புகை எங்களுக்குத் தெரியாமற்போனதும் இதே காரணத்தால்தான்.

உவர்மண் முதல் நீலத் திரவம் வரை

என் தாத்தா காலத்தில் துணி வெளுக்க உவர்மண்ணே போதும். அந்த மண்ணில் சோடியம் கார்பனேட் என்னும் காரம் இருக்கிறது. உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, பானையின் மேல் அடுக்கி, இரவு முழுவதும் நீராவியில் வேகவைப்பார்கள். இதுவே வெள்ளாவி. துணியிலுள்ள உடம்பெண்ணெயோடு காரம் சேர்ந்து அங்கேயே சிறிதளவு சோப்பு உண்டாகி அழுக்கை இளக்கிவிடும். பிறகு ஆற்றில் அடித்துத் துவைத்து வெயிலில் விரித்தால் துணி பளிச்சென்று இருக்கும். அதற்கு மணமென்று தனியாக ஒன்றும் இல்லை. வெயில் பட்ட துணி வாசம் மட்டுமே உண்டு.

கடலோர ஊர்களில் நீர் பெரும்பாலும் உப்பும் கடினமுமாக இருக்கும். அந்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சோப்பு சேர்ந்து திரிந்துபோய் நுரைக்காது. இக்குறையைத் தீர்க்க வந்தவையே செயற்கைச் சலவைத் தூள்கள். நம் நாட்டில் 1959இல் சர்ஃப் தூள் வந்தது. 1969இல் கர்சன்பாய் பட்டேல் என்பவர் குஜராத்தில் தொடங்கிய நிர்மா, எளியவர் வீட்டுக்கும் சலவைத் தூளைக் கொண்டு சேர்த்தது. துணியை மென்மையாக்கும் திரவங்கள் அதற்கும் பின்னால் வந்தவை. இப்போது அவை சிறு பாக்கெட்டுகளில் பெட்டிக்கடை வரை தொங்குகின்றன.

மணம் துணியை விடாமல் பற்றுவது எங்ஙனம்?

சலவைத் தூளிலுள்ள மூலக்கூறு எதிர்மின் சுமை கொண்டது. நீரில் நனைந்த பருத்தி நூலின் மேற்பரப்பும் எதிர்மின் சுமை உடையது. ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளியிலேயே படித்த பாடம். எனவே தூள் அழுக்கைப் பற்றிக்கொண்டு அலசும்போது நீரோடு போய்விடுகிறது. மென்மையாக்கும் திரவத்தில் இருப்பதோ நேர்மின் சுமை கொண்ட மூலக்கூறு. இதன் ஒரு முனை நூலை ஒட்டிக்கொள்ள, கொழுப்புத் தன்மையுள்ள நீண்ட வால் வெளியே நிற்கும். துணி வழவழப்பாக இருப்பதற்கு இந்தக் கொழுப்புப் படலமே காரணம். மணப்பொருள்கள் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மை உடையவை ஆதலால் இப்படலத்தில் தங்கிவிடுகின்றன. சலவைத் தூள் கழுவிப் போவதற்காகச் செய்யப்பட்டது. இத்திரவம் துணியிலேயே தங்குவதற்காகச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

சில திரவங்களில் இன்னொரு உபாயமும் உண்டு. மணநெய்யைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் அடைத்துவிடுகிறார்கள். இவ்வுறைகள் தலைமுடியின் பருமனைவிடச் சிறியவை. பெரும்பாலும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. துணி உடம்பில் உரசும்போதெல்லாம் சில உறைகள் உடைந்து புதிதாக மணம் வீசும். துவைத்துப் பல நாளான சட்டையும் போட்டுக்கொண்டதும் மணப்பது இதனால்தான். இவ்வுறைகள் நீரில் போய்ச் சேர்வதைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இவற்றுக்கும் சேர்த்துத் தடை விதித்திருக்கிறது. மண உறைகளைக் கைவிட 2029 வரை தவணை அளித்துள்ளது.

என் தாயார் வெகுநாளாகச் சொல்லிவந்த ஒரு செய்தியும் எனக்கு இப்போது விளங்கியது. "சில வூட்டுத் துணிய தேச்சா மட்டும் தலைய வலிக்குதுடா" என்பார். வெப்பம் ஏற ஏற ஆவியாதலும் மிகும். கொடியில் ஒரு வாரம் கிடந்து மெல்ல மெல்ல வீச வேண்டிய மணம், சூடான பெட்டியின் கீழ் ஒரே கணத்தில் அவர் முகத்துக்கு நேராக எழும்புகிறது.

தீமை எவ்வளவு?

மணப்பொருள் எல்லாம் நஞ்சு என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு அதனால் யாதொரு துன்பமும் இல்லை. ஆயினும் சிலருக்குத் தும்மல், தலைவலி, தோல் அரிப்பு ஆகியவை வருகின்றன. இளைப்பு உள்ளவர்க்குக் கடுமையான மணம் மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும். மணம் நோயை உண்டாக்கிற்று என்பதன்று. இருக்கும் நோயை அது தட்டி எழுப்புகிறது. எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீன், லாவெண்டர் பூவிலுள்ள லினலூல் ஆகிய இயற்கை மணப்பொருள்கள்கூடக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும்போது தோலுக்கு ஒவ்வாத பொருள்களைத் தருகின்றன. ஆகவே 'இயற்கை மணம்' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் துணியை எந்திரத்தில் உலர்த்தி, அதன் காற்றைக் குழாய் வழியே வெளியே விடுவார்கள். 2009இல் அங்கு வெளியான ஓர் ஆய்வின்படி, அவ்வாறு வெளிவரும் சலவை மணம் தமக்குத் தொல்லை தருவதாகச் சொன்னவர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். சப்பானில் இத்தொல்லைக்கு ஒரு சொல்லே பிறந்திருக்கிறது. அங்கே 'கோகாய்' என்றால் காற்று மாசு, நீர் மாசு போன்ற பொதுக்கேடு. முதல் எழுத்தை மட்டும் மாற்றி மணம் என்ற எழுத்தை வைத்தால், ஒலிப்பு மாறாமலேயே 'மணக்கேடு' என்ற பொருள் வந்துவிடுகிறது. 2021இல் அந்நாட்டு அரசின் ஐந்து துறைகள் கூடி, உங்கள் மணத்தால் துன்பப்படுவோரும் இருக்கலாம் என்ற கருத்தில் ஒரு சுவரொட்டியே வெளியிட்டன. தடை என்று அதில் இல்லை. எண்ணிப் பாருங்கள் என்ற வேண்டுகோள் மட்டுமே.

அத்தை சொன்ன காரணம்

இவற்றையெல்லாம் நூலகத்திலும் ஆசிரியரிடமும் தெரிந்துகொண்டு, தை மாதத்தில் ஒருநாள் அத்தையிடம் போனேன். அறிவியலைச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்பது என் எண்ணம். மின்சுமை, மூலக்கூறு என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நான் மணக்கணும்னு அத வாங்கல. நாறாம இருக்கணும்னு வாங்குறேன்."

பேருந்தில் அவர் ஏறினால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் முந்தானையால் மூக்கை மூடுவாராம். அவர் அதற்குப் பழகிவிட்டார். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் சீருடையும் அவர் புடவையோடு ஒரே வாளியில் ஊறியதால், பள்ளியில் சக மாணவியர் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பெண் இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். மூன்றாம் நாள்தான் அத்தை அந்த நீலப் பாக்கெட்டை வாங்கியிருக்கிறார்.

எனக்கு மேற்கொண்டு பேச நா எழவில்லை. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்ற மூதாட்டி ஒருவர் நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதும், அதன் தொடர்பாக ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் நாளேடுகளில் வந்தவை. அச்செய்தியைப் படித்து வருந்திய நானே, அடுத்த வீட்டில் அதே துன்பம் இருப்பதை அறியாமல், மணத்தைக் குறையுங்கள் என்று சொல்லப் போயிருந்தேன்.

நாற்றத்தை மறைப்பதும் போக்குவதும்

அன்றிரவு யோசித்தபோது, எங்கள் பாடத்திலேயே வழி இருப்பது தெரிந்தது. கடல் மீனின் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. அதற்கு வாடை இல்லை. மீன் இறந்த பின் நுண்ணுயிரிகள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுவே. அமீன்கள் காரத்தன்மை உடையவை என்பது கரிம வேதியியலில் படித்ததுதானே! காரத்தோடு அமிலம் சேர்ந்தால் உப்பு உண்டாகும். அந்த உப்பு நீரில் கரையும், எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பொருளுக்கு வாடை ஏது? நம் தாய்மார்கள் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும், மீன் உண்ட கையில் எலுமிச்சை தேய்ப்பதும் இந்த வேதியியலே.

மணத் திரவம் வாடையின்மேல் இன்னொரு மணத்தைப் போர்த்துகிறது. அமிலமோ வாடையைத் துணியிலிருந்தே வெளியேற்றுகிறது. புளி கறையாக்கும்; எனவே வெள்ளை வினிகரைத் தேர்ந்தேன்.

முதல் முயற்சி நகைப்பிற்கிடமாயிற்று. ஆர்வத்தில் சோப்புப் போட்ட வாளியிலேயே வினிகரை ஊற்றிவிட்டேன். அமிலம் பட்டதும் சோப்பு திரிந்து, கொழுப்பு அமிலம் வெள்ளைத் திப்பியாக மிதந்தது. "பி.எஸ்ஸி. படிக்கிறது இதுக்குத்தானா தம்பி?" என்று அத்தை சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பின் அவர் எங்கள் வீட்டாரைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை. கதவருகில் நின்ற என் தாயாரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் முறையாகச் செய்தோம். நண்பர்களுக்கும் பயன்படும் என்பதால் அம்முறையை இங்கே தருகிறேன்.

1. வேலைத் துணியையும் மற்றத் துணியையும் ஒன்றாக ஊறவைக்கக் கூடாது. சீருடைக்குத் தனி வாளி வேண்டும்.

2. வேலைத் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அரைத் தம்ளர் வினிகர் கலந்து அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். சாயம் போகும் துணியானால் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

3. ஊறிய துணியை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே சோப்போ தூளோ போட வேண்டும். அலசாமல் போட்டால், அவற்றின் காரம் அந்த உப்பைச் சிதைத்து அமீனை மீண்டும் விடுவித்துவிடும்.

4. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நஞ்சு.

5. இயன்றவரை வெயிலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும்.

இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு சீருடையில் மீன் வாடை நின்றுவிட்டது. அத்தையின் புடவையில் குறைந்தது. தினமும் மீனைத் தொடுபவர்க்கு அது முற்றும் போய்விடாது. அவர் நீலத் திரவத்தை அடியோடு விட்டுவிடவும் இல்லை. விசேஷ நாட்களில் அரை மூடி ஊற்றுகிறார். அன்று எங்களிடம் சொல்லிவிட்டு, துணியைக் கிழக்குக் கோடியில் காயப்போடுகிறார். என் தாயாரும் காலையில் கரி மூட்டுவதை நடை வாசலிலிருந்து தெருமுனைக்கு மாற்றிக்கொண்டார். என் தங்கைக்கு இளைப்பு முற்றும் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். பனிக்காலத்தில் வரத்தான் செய்கிறது. ஆனால் அது வந்த ஓர் இரவில், மூச்சுக் குழலை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவந்தது அத்தையின் மகள்தான்.

முடிவுரை

மணம் சுவரைத் தாண்டும். அதற்கு வாடகைக் கணக்கும் தெரியாது, வீட்டு எல்லையும் தெரியாது. ஆகவே நம் துணியின் மணம் அண்டை வீட்டாரின் மூச்சிலும் கலக்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். அதேபோல, ஒருவர் ஏன் அவ்வளவு மணம் பூசிக்கொள்கிறார் என்று குறைகூறும் முன், எந்த இடத்தில் யார் அவரைப் பார்த்து மூக்கை மூடினார்கள் என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். முதல் பாதியை எனக்குப் பாடநூல் கற்பித்தது. மறு பாதியை எங்கள் நடையில்தான் கற்றேன்.

"துணி வெளுக்கிற குடும்பத்துல பொறந்துட்டு, துணி வெளுக்கறதப் படிக்கவா காலேஜுக்குப் போற?" என்று என் தாயார் கேலி செய்கிறார். ஆம் என்றே சொல்லியிருக்கிறேன். என் தாத்தா கையால் அறிந்திருந்ததை நான் பெயர் சொல்லி அறிந்துகொள்கிறேன். இங்குப் படிக்கும் நம்மில் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களே. ஆய்வுக்கூடத்தில் கற்கும் அமிலமும் காரமும் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், நம் வீட்டு வாளி வரைக்கும் வந்து சேரட்டும்.